கார் இன்சூரன்ஸ் ரினியூவல் தொகை எகிறிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரினியூவல் தேதிக்கு ஒரு மாதம் முன்பே குறுஞ்செய்தி வந்துவிடும். தொகையைப் பார்த்ததும் ‘வேறு யாருக்கோ போக வேண்டியதை நமக்கு அனுப்பிவிட்டார்களோ’ என்றுதான் முதலில் தோன்றும். எங்கள் அடுக்ககத்தில் காலையில் பால் வாங்கப் போனால் யாராவது ஒருவர் போனை நீட்டி, “சார், இதைக் கொஞ்சம் பாருங்க” என்பார். நான் ஏஜென்ட் இல்லை, எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கவில்லை. என் கார், தம்பி கார், மாமனார் கார் என்று மூன்று வண்டிக்கும் பல வருஷமாக ரினியூவல் பார்த்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே சொந்த உபயோகக் கார்களுக்கானவை. டாக்ஸி, டிராவல்ஸ் வண்டிகளின் கணக்கு வேறு.

ஒரு கிளெய்ம்கூட போடவில்லை. வண்டிக்கும் ஒரு வயது கூடி மதிப்பு இறங்கியிருக்கிறது. அப்படியிருக்க பிரீமியம் எப்படி ஏறும்?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. பதில் கொஞ்சம் நீளம், ஆனால் இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

அந்தத் தொகை நான்கைந்து தனிக் கணக்குகளின் கூட்டல். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கானது ஓன் டேமேஜ், சுருக்கமாக ஓடி. அடுத்தவருக்கு நாம் ஏற்படுத்தும் பாதிப்புக்கானது தேர்ட் பார்ட்டி. அப்புறம் ஜீரோ டெப் போன்ற ஆட்-ஆன்கள், அதாவது கூடுதல் காசு கொடுத்துச் சேர்க்கும் பாதுகாப்புகள். அதோடு ஓட்டும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு. கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி. குறுஞ்செய்தியில் வருவது மொத்தம் மட்டும். எது ஏறியது என்று அதில் தெரியாது.

விளையாட்டு நடப்பது பெரும்பாலும் ஓடி கணக்கில். தேர்ட் பார்ட்டிக்கு அரசு விலை வைக்கிறது. ஓடிக்கு 2007 ஜனவரி 1 முதல் அப்படிக் கட்டுப்பாடு கிடையாது, கம்பெனியே முடிவு செய்யலாம். இருந்தாலும் பல கம்பெனிகள், அதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பழைய கட்டண அட்டவணையை அடித்தளமாக வைத்து, அதிலிருந்து இத்தனை சதவீதம் தள்ளுபடி என்றுதான் கணக்குப் போடுகின்றன. இந்தத் தள்ளுபடிதான் கண்ணுக்குத் தெரியாத ஆசாமி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னையில் பதிவான 1,200 சிசி கார், ஐந்து வயதுக்குள். போன வருஷம் காரின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐடிவி, 5,00,000 ரூபாய். பழைய அட்டவணைப்படி 3.283 சதவீதம் என்றால் 16,415. கம்பெனி 60 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது, 6,566 ஆயிற்று. கிளெய்ம் போடாததற்கான என்சிபி 35 சதவீதம் கழிந்து 4,268 கட்டினீர்கள். இந்த வருஷம் ஐடிவி 4,50,000. அதே சதவீதத்தில் 14,774. என்சிபியும் 45 ஆகிவிட்டது. ஆனால் கம்பெனி தன் தள்ளுபடியை 30 சதவீதமாக இறக்கிவிட்டது. இப்போது 10,341 ஆகி, என்சிபி போக 5,688. வண்டி மதிப்பு இறங்கியது, என்சிபி ஏறியது, பிரீமியம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. ரினியூவல் நோட்டீஸில் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல மாட்டார்கள்.

ஏன் குறைத்தார்கள் என்றால், உங்கள் மேல் கோபமெல்லாம் இல்லை. உங்கள் மாடல் வண்டிகளுக்கு, உங்கள் ஊரில், போன வருஷம் நிறைய கிளெய்ம் போயிருக்கலாம். உதிரிபாக விலையும் ஒரு காரணம். முன்பு பம்பர் என்றால் வெறும் பிளாஸ்டிக். இன்று அதற்குள் சென்சாரும் கேமராவும் உட்கார்ந்திருக்கின்றன, ஹெட்லைட் மொத்தமும் எல்இடி. ஒரு சின்ன இடிக்கு வரும் பில்லே தலை சுற்ற வைக்கும். நீங்கள் ஒழுங்காக ஓட்டியும் ஊரார் கணக்கில் உங்களுக்கும் பங்கு விழுகிறது.

ஆகவே முதல் வேலை, போன வருஷப் பாலிசி ஷெட்யூலையும் இந்த வருஷ கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்ப்பது. பத்து நிமிஷ வேலை. அதற்கு முன்னால் வேறு கம்பெனி தேடக் கிளம்புவது, காய்ச்சல் பார்க்காமலே மாத்திரை போடுவது மாதிரி.

கார் வாங்கி மூன்று வருஷம் முடிந்தது. நான்காம் வருஷம் திடீரென்று நாலாயிரம் கூடியிருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி, 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருஷத்துக்கான தேர்ட் பார்ட்டியை மொத்தமாகக் கட்டியாக வேண்டும். டூவீலருக்கு ஐந்து வருஷம். ஷோரூமில் ஆன்-ரோடு விலை என்று ஒரே தொகையாகக் கட்டியதில் அது கரைந்து போயிருக்கும். 1,000 முதல் 1,500 சிசி வரையிலான கார் என்றால் 2022 கட்டணப்படி அது 10,640 ரூபாய், வரி தனி. இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் நீங்கள் கட்டியது ஓடி மட்டுமே. நான்காம் வருஷம் தேர்ட் பார்ட்டி முதல் முறையாகப் பில்லில் தலைகாட்டுகிறது. 3,416 ரூபாய், வரியோடு 4,031. உரிமையாளர் விபத்துக் காப்பீட்டையும் மூன்று வருஷத்துக்குச் சேர்த்து எடுத்திருந்தால் அதுவும் இப்போது வந்து நிற்கும்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் தேர்ட் பார்ட்டி ஒரு கம்பெனியில் இருக்க, ஓடியை மட்டும் வேறு கம்பெனியில் எடுக்கலாம். பலருக்கு இது தெரியாமல் ஷோரூமிலிருந்து போன் வந்ததும் கட்டிவிடுகிறார்கள்.

தேர்ட் பார்ட்டி தொகையில் ஏதாவது குறைக்க முடியுமா?

முடியாது. இதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கிறது, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே விலைதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. மின்சாரக் கார்களுக்கு 15 சதவீதம் குறைவு.

‘தேர்ட் பார்ட்டியிலும் டிஸ்கவுன்ட் தருகிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். போலி பாலிசி விற்பவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பணம் கட்டியபின் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் பாலிசி எண்ணைப் போட்டுப் பாருங்கள். சில நாளில் அரசின் எம்பரிவாகன் செயலியிலும் புதிய தேதி ஏறிவிடும்.

ஐடிவியைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் தொகை குறைகிறது. செய்யலாமா?

நானும் ஒரு வருஷம் செய்தேன். அந்த வருஷம் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் தப்பித்தேன். இப்போது செய்ய மாட்டேன்.

ஐடிவி என்பது வண்டி திருடு போனாலோ, இனி ஓட்டவே முடியாது என்று ஆனாலோ உங்கள் கைக்கு வரும் உச்சத் தொகை. புது விலையிலிருந்து வயதுக்குத் தக்கபடி கழிக்கிறார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, பிறகு வருஷத்துக்குப் பத்து பத்தாக ஏறி ஐந்தாம் வருஷத்தில் 50. ஐந்து வருஷத்துக்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை.

மேலே சொன்ன அதே காரில் ஐடிவியை ஒரு லட்சம் குறைத்தால் எவ்வளவு மிச்சம்? தள்ளுபடியும் என்சிபியும் கழித்து, ஜிஎஸ்டியைச் சேர்த்தாலும் 1,500 ரூபாய்கூட வராது. அதற்காக ஒரு லட்சத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

இதைவிட மோசமான ஒரு விஷயம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வண்டியை முழு நஷ்டம் என்று கணக்கு வைப்பார்கள். ஐடிவி 4,50,000 என்றால் அந்தக் கோடு 3,37,500-இல் இருக்கிறது. 3,50,000 என்று குறைத்துவிட்டால் 2,62,500-க்கு இறங்கிவிடும். அதாவது மூன்று லட்ச ரூபாய் வேலையில் சரியாகியிருக்க வேண்டிய நல்ல வண்டியை, குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டி வரும். வெள்ளத்தில் மூழ்கிய கார்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று வந்துவிடும்.

விலை ஒப்பிடும் தளங்களில் இன்னொரு சங்கதி. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு ஐடிவியை வைத்து விலை காட்டும். மிகக் குறைந்த விலையாகத் தெரிவது பல நேரம் மிகக் குறைந்த ஐடிவியாகத்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ஐடிவியைப் போட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். வரிசையே மாறிப்போகும்.

ஆட்-ஆன்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

தொகையைக் குறைக்க நிஜமான இடம் இதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நீக்கிவிடக் கூடாது.

முதலில் ஜீரோ டெப். பம்பர் டு பம்பர் என்று ஷோரூமில் சொல்வது இதைத்தான். இது இல்லாவிட்டால் மாற்றும் பாகத்தின் விலையில் ஒரு பகுதி உங்கள் பையிலிருந்து போகும். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம், ஃபைபர் கிளாஸுக்கு 30. உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. நான்கு முதல் ஐந்து வயது வண்டிக்கு 35 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. இன்றைய காரில் முன்பக்கம் பூராவும் பிளாஸ்டிக் என்பதால், நகரத்து நெரிசலில் தினமும் ஓட்டுபவர்கள் ஐந்து வருஷம் வரை இதை விடாமலிருப்பது நல்லது. அதற்கு மேல் சில கம்பெனிகள் தர மறுக்கும், சில கம்பெனிகள் தந்தாலும் விலை கடிக்கும். ஆறேழு வருஷ வண்டிக்கு அந்தக் கூடுதல் தொகையை எழுதிப் பார்த்து, ‘வருஷத்தில் ஒரு இடி இடித்தால் எவ்வளவு கையை விட்டுப் போகும்’ என்று ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். என் மாமனார் காருக்கு ஏழாம் வருஷம் அதை நீக்கிவிட்டோம். அவர் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் தவிர எங்கும் போவதில்லை.

அடுத்தது எஞ்சின் பாதுகாப்பு. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வீடு என்றால் இதை விட்டுவிடாதீர்கள். சாதாரண பாலிசியே வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும், உண்மைதான். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து அது உள்ளே இறுகிவிட்டால், அதை நீங்களாக வரவழைத்துக்கொண்ட சேதம் என்று தள்ளிவிடுவார்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பலர் பாடம் படித்தது இப்படித்தான். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். யோசித்துப் பார்த்தால் அதைவிட மலிவான இன்சூரன்ஸ் இல்லை. மேட்டுப் பகுதியில் இருப்பவர்கள், மாடியில் பார்க்கிங் உள்ளவர்கள் இந்த ஆட்-ஆனை விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

திருடு போனாலோ முழு நஷ்டமானாலோ வாங்கிய விலையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், புது வண்டிக்கு அர்த்தமுள்ளது. மூன்றாம் வருஷத்துக்கு மேல் அவ்வளவாக இல்லை. சாலையோர உதவி பெரிய விலை இல்லை, ஆனால் கார் கம்பெனியே வாரன்டியோடு அதைக் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே சேவைக்கு இரண்டு இடத்தில் காசு கொடுப்பவர்கள் அநேகம். சாவி தொலைந்தால், பை திருடு போனால், டயர் வெடித்தால் என்று வரிசையாக இருக்கும் மற்றவற்றை நான் எடுப்பதில்லை.

பார்க்கிங்கில் தூணில் உரசிவிட்டேன். கிளெய்ம் போடட்டுமா?

கணக்குப் போட்டுவிட்டுப் போடுங்கள். என்சிபி முதல் வருஷம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் அடுத்த ரினியூவலில் அது பூஜ்யம். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி கீழே வந்துவிடுவீர்கள்.

உதாரணத்துக்கு, தள்ளுபடி போக ஓடி 10,000 ரூபாய், நீங்கள் 50 சதவீதப் படியில் நின்று 5,000 கட்டுகிறீர்கள். கிளெய்முக்குப் பிறகு வரும் வருஷங்களில் 10,000, 8,000, 7,500, 6,500, 5,500 என்று கட்டித்தான் மறுபடி 5,000-க்கு வர முடியும். கூடுதலாகக் கொடுத்தது 12,500, ஜிஎஸ்டியோடு 14,750. ஐடிவி வருஷா வருஷம் இறங்குவதால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒன்பதாயிரம் ரூபாய் டிங்கரிங், பெயின்டிங் வேலைக்குக் கிளெய்ம் போடுவது நஷ்டம் என்பது தெரிகிறது இல்லையா? அந்த ஒன்பதாயிரமும் முழுசாக வராது. கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பெயின்ட் பொருளுக்குப் பாதி கழிவு வேறு.

சர்வீஸ் சென்டரில் “இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர்களுக்குப் பில் பெரிதாகும், இழப்பு உங்களுக்கு. என்சிபி பாதுகாப்பு என்றும் ஒரு ஆட்-ஆன் உண்டு. 45, 50 சதவீதப் படியில் இருப்பவர்கள் மட்டும் அதன் விலையை விசாரித்துப் பார்க்கலாம்.

கம்பெனி மாறினால் என்சிபி போய்விடுமா?

போகாது. அது கம்பெனிக்கும் சொந்தமில்லை, காருக்கும் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். காரை விற்றுவிட்டால்கூட பழைய கம்பெனியிடம் என்சிபி கடிதம் வாங்கி வைத்து, மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். புதுக் காரின் ஓடி தொகை பெரிதாக இருக்கும், அதில் 50 சதவீதம் என்றால் சும்மா இல்லை. பழைய காரை எக்ஸ்சேஞ்சில் விட்டவர்கள் பலர் இதைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள். உரிமையாளர் காலமாகி வண்டி மனைவிக்கோ பிள்ளைக்கோ வந்தால் அவர்களுக்கும் என்சிபியை மாற்றித் தருவார்கள்.

மறுபக்கம், பழைய கார் வாங்குபவருக்கு விற்றவரின் என்சிபி வராது. பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்து பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

ஆன்லைனில் ‘போன வருஷம் கிளெய்ம் போட்டீர்களா’ என்று கேட்கும் இடத்தில் போட்டிருந்தும் இல்லை என்று அழுத்திவிடாதீர்கள். தொகை குறையும், உடனே பாலிசியும் வந்துவிடும். நாளைக்குப் பெரிய கிளெய்ம் வரும்போது பழைய கம்பெனியிடம் விசாரிப்பார்கள், அப்போது மாட்டுவீர்கள்.

ரினியூவல் தொகையில் பேரம் பேச முடியுமா?

ஓடியில் பேசலாம், தப்பே இல்லை. நான் செய்வது இதுதான். தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பு, ஒரே ஐடிவி, அதே ஆட்-ஆன்களோடு மூன்று இடத்தில் விலை வாங்குவேன். ஒன்று ஏதாவது தனியார் கம்பெனியின் சொந்தத் தளம், இன்னொன்று தெரிந்த ஏஜென்ட், மூன்றாவது ஊரில் உள்ள பொதுத்துறைக் கம்பெனியின் கிளை. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கும் பொதுத்துறை. அப்புறம் பழைய கம்பெனிக்குப் போன் செய்து, “ஓடி டிஸ்கவுன்ட் போன வருஷம் எவ்வளவு, இப்போது எவ்வளவு?” என்று நேரடியாகக் கேட்பேன். ‘ரொம்ப அதிகமா இருக்கே’ என்று புலம்பினால் ‘சிஸ்டத்தில் வருவது அதுதான் சார்’ என்று முடித்துவிடுவார்கள். டிஸ்கவுன்ட் என்ற சொல்லைப் பிடித்துக் கேட்டால் வேறு ஆளுக்கு மாற்றுவார்கள். ஒரு வருஷம் எனக்கு அப்படி இரண்டே போனில் 2,300 ரூபாய் குறைந்தது. அடுத்த வருஷம் அதே கம்பெனி அசையவே இல்லை, மாறிவிட்டேன்.

ஆன்லைனில் எடுத்தால் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. சில ஏஜென்டுகள் தளத்தில் வரும் விலையைவிடக் குறைத்து வாங்கித் தருகிறார்கள். விபத்து நடந்த நாளில், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் எப்போது வருவார் என்று தெரியாமல் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும்போது, நம்பரை அழுத்தினால் எடுக்கும் ஒரு மனுஷன் இருப்பதற்கும் விலை உண்டு. ஐந்நூறு அறுநூறு வித்தியாசம் என்றால் நான் ஏஜென்டிடமே போவேன்.

ஷோரூமில், எங்களிடம் ரினியூ செய்தால்தான் கேஷ்லெஸ் (ரிப்பேர் பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டுவது) என்கிறார்களே?

அந்த ஒர்க்‌ஷாப் எந்தக் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறது என்பதே கேள்வி. பாலிசியை யார் விற்றார் என்பது கணக்கில் வராது. நீங்கள் மாறப்போகும் கம்பெனியின் பட்டியலில் உங்கள் ஒர்க்‌ஷாப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்த விதி இடம் கொடுக்கவில்லை.

‘முதல் இவ்வளவு ரூபாயை நானே ஏற்கிறேன்’ என்றால் குறைப்பார்களாமே?

குறைப்பார்கள். கட்டாயக் கழிவுக்கு மேல் விருப்பக் கழிவு என்று ஒன்று. பழைய அட்டவணையில் 2,500 ரூபாய்க்கு ஓடியில் 20 சதவீதம், ஆனால் 750-க்கு மேல் கிடையாது. 15,000-க்கு 35 சதவீதம், உச்சம் 2,500. சின்னக் கிளெய்ம்களை எப்படியும் போடப்போவதில்லை என்று தீர்மானித்தவருக்கு 5,000 வரை பொருத்தம்.

கார் வாரத்தில் ஒரு நாள்தான் வெளியே வருகிறது. அதற்கும் முழுத் தொகையா?

வண்டி போன கிலோமீட்டருக்கு ஏற்ப ஓடி பிரீமியம் கட்டும் திட்டங்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. வருஷத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்று முன்கூட்டியே சொல்லி எடுக்க வேண்டும். ஓடோமீட்டர் படம் கேட்பார்கள். தாண்டினால் என்ன ஆகும் என்பதை மட்டும் நன்றாகப் படித்துவிடுங்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறது. தீபாவளிக்குத் திருநெல்வேலி போய்வந்தால் மட்டுமே ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தாண்டிவிடும், அதையும் சேர்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்களே, இங்கே ஏன் 18 சதவீதம் போட்டிருக்கிறார்கள்?

2025 செப்டம்பர் 22 முதல் வரி விலக்கு கிடைத்தது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு. காருக்கு இல்லை.

வீட்டில் இரண்டு கார். இரண்டிலும் விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறார்கள். தேவையா?

இரண்டும் உங்கள் பெயரில் என்றால் ஒன்று போதும். 15 லட்ச ரூபாய்க்கான அந்தக் காப்பீடு ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. தனியாக 15 லட்சத்துக்கு விபத்துப் பாலிசி வைத்திருந்தாலும் போதும். கொட்டேஷனில் அந்த டிக்கை எடுத்துவிட்டு, ஏற்கெனவே இருக்கிறது என்று குறிப்பிடுங்கள்.

பத்து வயதுக் கார். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால் போதாதா?

வண்டியை நாளைக்கே விற்றால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். ஒன்றரை லட்சத்துக்குள், திருட்டுப் பயம் இல்லாத இடம், ஒரு பெரிய செலவைக் கையிலிருந்து தாங்க முடியும் என்றால் போதும். இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் நான் ஓடி எடுப்பேன். உங்கள் வண்டி மோதி அடுத்தவருக்கு உயிரோ உடம்போ பாதிக்கப்பட்டால் தேர்ட் பார்ட்டிக்கு வரம்பே இல்லை, அதனால் அந்தக் கவலை வேண்டாம். உரிமையாளர் விபத்துக் காப்பீட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் மலிவாகக் கிடைக்குமா என்று தேடுவதில் தேதி தாண்டிவிட்டது. இப்போது?

முதலில் வண்டியை எடுக்காதீர்கள். கார் பாலிசியில் சலுகை நாள் கிடையாது. தேதி முடிந்த நள்ளிரவோடு பாதுகாப்பும் முடிந்தது. 90 நாள் சலுகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது என்சிபியைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும். அந்த 90 நாளுக்குள் இடித்தால் பைசா வராது. மோட்டார் வாகனச் சட்டம் 196-ஆம் பிரிவின்படி இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் 4,000.

புதிதாக எடுக்க வண்டியைப் பரிசோதிப்பார்கள். இப்போது பல கம்பெனிகள் போனிலேயே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கின்றன. பகல் வெளிச்சத்தில், வண்டியைக் கழுவிவிட்டு எடுங்கள். சேறு படிந்த கதவைக் கீறல் என்று எழுதிவைத்த கதையை நான் பார்த்திருக்கிறேன்.

தொகை அதிகம் என்று யாரிடம் புகார் செய்வது?

விலை அதிகம் என்பதே புகாராகாது, வேறு கம்பெனிக்குப் போவதுதான் வழி. என்சிபியைத் தவறாகப் போட்டது, கேட்காத ஆட்-ஆனைச் சேர்த்தது, கட்டிய பணத்துக்குப் பாலிசி தராதது ஆகியவை புகார். முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல். பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார் தளம் அல்லது 155255 என்ற எண். அதற்கும் மேல், இந்தத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

சென்னைப் பதிவு எண் என்பதால்தான் இவ்வளவா? சொந்த ஊர் முகவரியில் பதிந்திருந்தால்?

கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பழைய அட்டவணையில் சென்னை உட்பட எட்டு பெருநகரங்கள் ஏ மண்டலம், மற்ற எல்லாம் பி. நாம் பார்த்த காருக்கு 3.283 சதவீதத்துக்குப் பதில் 3.191. ஐந்து லட்சம் ஐடிவிக்கு 460 ரூபாய், தள்ளுபடியும் என்சிபியும் போனால் அதில் பாதிகூட நிற்காது. அதற்காக மாமா வீட்டு முகவரியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.